சீசரின் நடைப்பயிற்சி

சீசர் என்ற லாப்ரடார் நாய்க்கு மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. எடை கூடிவிட்டது, இப்படியே போனால் இதயம் தாங்காது, தினமும் நடக்க வையுங்கள் என்று கால்நடை மருத்துவர் கண்டித்துச் சொன்னார்.

மறுநாள் முதல் அதன் எஜமான் தணிகாசலம் விடியற்காலையிலேயே சீசரோடு கிளம்பினார். நடை தெருமுனை டீக்கடையோடு நின்றது. அங்கே அவர் பஜ்ஜி தின்றார். தனியாகத் தின்ன மனம் வராத நல்லவர் என்பதால் சீசருக்கும் பாதி பிட்டுக் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும், "பூங்காவை நாலு சுத்து சுத்தினோம்" என்று மனைவியிடம் சொல்லி நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து சீசர் இன்னும் கனத்திருந்தது. "இவ்வளவு நடந்தும் குறையலையே, அந்த டாக்டருக்கு ஒண்ணும் தெரியலை" என்று வருத்தப்பட்ட தணிகாசலம், மருத்துவரை மாற்றினார்.

வீட்டுப் பூனை மல்லிக்குப் பொறுக்கவில்லை. "உன் உயிர் போகுதுடா. அவர் அம்மாகிட்ட கதை அளக்கிறப்ப ஒரு தடவையாவது குரைச்சுக் காட்டேன்."

மூச்சிரைக்கப் படுத்திருந்த சீசர் சொன்னது: "முடியாது மல்லி. எஜமான் பேசும்போது குரைக்கக் கூடாதுன்னு ஆள் வெச்சுப் பழக்கியிருக்காங்க. நான் ஒழுக்கமா வளர்ந்த நாய்."