துணி கட்டிய டாக்டர்

மருதப்பன் நிமிர்ந்து பார்த்தான்.

டாக்டர் ஜெயசிங் அந்தக் கண்களையே பார்த்தார். வாரக்கணக்கில் தரையை விட்டு எழும்பாத கண்கள் அவை.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரிக்கு அவர் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பேச்சுக் கொடுத்தே மனசின் நோயை இறக்கலாம் என்று மதராஸில் படித்திருந்தார். அப்படி அவர் கையில் எடுத்த முதல் ஆள், கரிவலம்வந்தநல்லூரில் ஆடு மேய்க்கும் இந்த மருதப்பன்தான்.

மனைவி பிரசவத்தில் செத்த அன்று வாயை மூடியவன். அக்காள் இசக்கித்தாய் அவனைக் கோமதியம்மன் சன்னதியில் மாதக்கணக்கில் உட்கார வைத்துப் பார்த்தாள். நெற்றியில் பூசிய புற்றுமண் காய்ந்து உதிர்ந்ததே தவிர, பேச்சு வரவில்லை.

நாளைய ரயிலில் அவனை மதராஸ் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடுவதென்று ஊரில் முடிவாகிவிட்டது.

டாக்டரின் முகமே பாதி மருந்து என்பது ஜெயசிங்கின் நம்பிக்கை. தினமும் அவனைப் பார்த்துச் சிரித்தார், தலையாட்டினார், கெஞ்சாத குறையாகக் கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை.

இன்றைக்கு அந்த முகத்தையும் மூடவேண்டியதாயிற்று. நேற்றிலிருந்து மருதப்பனுக்கு ஓயாத இருமல். தொற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து, மூக்கும் வாயும் மறைய வெள்ளைத்துணி கட்டிக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் போகாமல் சுவரோரமாகவே நின்றார். கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன பேச்சுக் கொடுப்பது என்று நொந்துபோயிருந்தார்.

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான்.

வந்த சந்தோஷத்தில், தன் சிரிப்பை அவன் பார்க்கட்டுமென்று துணியைக் கீழே இறக்கினார்.

கண்கள் பழையபடி தரைக்குப் போய்விட்டன.

பதறிப்போய்த் துணியை மேலே இழுத்தார்.

கண்கள் மெல்ல எழுந்தன.

இன்னொரு தடவை இறக்கிப் பார்க்க அவருக்குத் தைரியமில்லை.

“சொல்லுப்பா,” என்றார்.

மருதப்பன் வாயைத் திறந்தான்.

“வண்டி கேக்கப் போனேன் ஐயா.”

வாசலில் உட்கார்ந்திருந்த இசக்கித்தாய் அலறிக்கொண்டு எழுந்தாள். டாக்டர் திரும்பாமலே கையை நீட்டி அவளை நிறுத்தினார்.

“அவளுக்கு வலி கண்டுட்டு. பண்ணையார் வீட்டுக்கு ஓடுனேன். அவுக விருந்தாளியோட பேசிக்கிட்டிருந்தாவ. நான் வீட்டு முத்தத்துல வாயப் பொத்திக்கிட்டு நின்னேன். இப்ப என்னைத் திரும்பிப் பாப்பாவ, இப்பப் பாப்பாவன்னு நின்னேன். ஒரு சத்தம் குடுத்திருக்கலாம் ஐயா. குடுக்கலியே... வண்டியோட போயி நிக்கேன், அவ போயிட்டா.”

அடைபட்டிருந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. அவன் அழுதான், பேசினான், மறுபடி அழுதான். ஜெயசிங்குக்கு அந்த அறையிலேயே குதிக்கவேண்டும் போலிருந்தது. ஜெயித்தாயிற்று! ரயிலும் வேண்டாம், மதராஸும் வேண்டாம்!

சந்தோஷம் தாங்காமல், முகத்தைத் திறந்து சிரிக்கத் துணியின் முடிச்சை அவிழ்க்கக் கையைக் கொண்டுபோனார்.

“இத்தனை நாள் கேட்டனே, வாயே திறக்கலியே. இன்னைக்கு எப்படிப்பா பேசினே?”

மருதப்பன் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தான். அவன் முதுகு நிமிர்ந்திருந்தது.

“இம்புட்டுப் பெரிய மனுசர், எனக்கு முன்னால வாயப் பொத்திக்கிட்டு ஓரமா நிக்கிய. பொறவு நான் எப்படிய்யா பேசாம இருக்க?”

ஜெயசிங்கின் விரல்கள் முடிச்சிலேயே நின்றன.

அவர் கையை இறக்கிக்கொண்டார்.

“சொல்லுங்க,” என்றார்.