இருக்கேன்

இருதயராஜின் ஆயுள் காப்பீட்டு விண்ணப்பத்தை, இருதயம் சரியில்லை என்று ஆபீஸில் நிராகரித்துவிட்டார்கள். ஏஜெண்ட் ஞானதுரை அதைப் பக்குவமாகத்தான் சொன்னார். "அப்பொ நான் செத்துருவேன்னு சொல்லுதாவளா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போன மனிதர், மறுநாள் காலையிலேயே ஏஜெண்ட் வீட்டு வாசலில் சைக்கிள் பெல்லை அடித்தார். "ஏஜெண்டய்யா, இருக்கேன்! ஆபீஸ்ல சொல்லிரும்!" அன்றிலிருந்து தினமும் அதே பெல், அதே சத்தம். விண்ணப்பத்தை நிராகரித்த அதிகாரி ரிட்டயராகிச் செத்தும் போனார், பெல் நிற்கவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் ஞானதுரையின் மனைவி காப்பிக்கு அடுப்பையே பற்றவைப்பாள்.

ஒருநாள் பெல் அடிக்கவில்லை. காப்பி இல்லாமல் வெயில் ஏறும்வரை பொறுத்துப் பார்த்த ஞானதுரை, கடைத்தெருவில் ஒரு ரோஜா மாலையை வாங்கிக்கொண்டு ஓடினார். இருதயராஜ் தன் பரோட்டா கடையில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். "சைக்கிள் பஞ்சர்" என்றவர், மாலையைப் பார்த்தார். நெஞ்சைப் பிடித்தபடி பெஞ்சில் சரிந்து, பேச முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஞானதுரையைப் பார்த்தார். மாலையை வாங்கி, தண்ணீர் தெளித்து, வாடாமல் நிழலில் மாட்டினார்.

"ஏஜெண்டய்யா," என்றார் மெதுவாக, "ஒமக்குப் பாலிசி இருக்குல்லா?"