நாரை சொன்ன சுனை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எனக்கு மிச்சமிருக்கிற ரெண்டு பல்லும் இப்பவே விழட்டும்!

ஊர் ஊராய்ப் பறந்த நாரை ஒன்று, தான் கண்ட மலைச்சுனையைப் பற்றி ஒரு செல்போனிடம் ஆசை ஆசையாய்ச் சொன்னது. செல்போன் அதை ஒரே நொடியில் உலகத்துக்கே காட்டிவிட்டது. மறுநாளே வண்டிகள் மலையைச் சுற்றி வரிசை கட்டின. கோடை முடிவதற்குள் சுனையில் காலி பாட்டில்கள்தான் மிஞ்சின.

அங்கே குடியிருந்த ஆமை நாரையிடம் வந்தது. "தம்பி, நீ போகாத ஊரில்லை. சாகறதுக்குள்ள நான் நனைய ஒரு இடம் சொல்லேன்."

"நான் சொன்ன இடமெல்லாம் இப்படித்தான் ஆச்சு, அண்ணே."

"எதுக்கு அழறீங்க? என்கிட்ட சுனை இன்னும் ததும்புது பாருங்க. நாலு லட்சம் லைக்!" என்றது செல்போன்.

ஆமை அந்தப் படத்தில் முகத்தை வைத்துப் பார்த்தது. கண்ணாடி சுட்டது.

செல்போன் சார்ஜ் தீர்ந்து அணைந்ததும், நாரை ஆமையின் காதில் ஓர் இடத்தைச் சொன்னது. ஆமை நடந்து நடந்து போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒரு தட்டளவு தண்ணீர்தான் இருந்தது. இப்போதும் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது.

எந்த இடமென்று எனக்குத் தெரியும், கேட்காதீர்கள். இதைச் சொன்னது நான்தான் என்றும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். வழி கேட்டு வந்துவிடுவார்கள்.