அளவு ஜாக்கெட்

"இப்படிக் கோணலா ஒட்ட வச்சிட்டாங்களே லூசியா! விரலை நேரா வச்சிருக்கக் கூடாதா?"

திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கும் ஆனந்தராஜ், அவள் வலது கையைப் பார்த்து உச்சுக் கொட்டினார். மூட்டு தேய்ந்து, ஆபரேஷனில் எலும்போடு எலும்பை ஒட்டிய நடுவிரல் பாதி மடங்கியே நின்றது. இனி அதை நீட்டவும் முடியாது, மடக்கவும் முடியாது.

"வலி போயிடுச்சுங்க. எலும்பு கூடிடுச்சு, வேலைக்குப் போலாம்னு டாக்டரும் சொல்லிட்டாரு" என்றாள் லூசியா.

பதினாறு வருடம் அவள் நின்று துணி வெட்டிய மேஜையில் இப்போது குமரேசன் நின்றிருந்தான். அவளுடைய மூன்று மாத லீவுக்கு வந்தவன், வேர் விட்டிருந்தான்.

"கட்டிங் அவன் பாக்கட்டும். நீ உக்காந்து கொக்கி தை, போதும்" என்றார் ஆனந்தராஜ்.

லூசியாவுக்குச் சுருக்கென்றது. "என் மேஜைங்க அது. நான் எதுக்கு உக்காரணும்?"

கொக்கி தைத்துக்கொண்டிருந்த சித்ராவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆபரேஷனுக்கு விழுப்புரம் போறப்பகூட இந்தக்கா பையில கத்திரிய வச்சிக்கினு போச்சுங்க. நர்ஸம்மா பாத்துட்டு அலறிட்டாங்க. அப்படி ஒரு பைத்தியம்! இப்ப பாவம்…"

"பாவம் கீவம்னே, அவ்ளோதான்!" என்று சீறினாள் லூசியா.

ஆனந்தராஜ் ஒரு லைனிங் துணியை நீட்டினார். "சரி, இதுல வெட்டிக் காட்டு. வீணானாலும் பரவால்ல."

அவள் அதைத் தொடவே இல்லை. கல்யாணப்பெண் ஒருத்தி ஜாக்கெட்டுக்குக் கொடுத்து, குமரேசன் முன்னால் கிடந்த பட்டுத் துணியை இழுத்தாள். "ஐயோ அக்கா!" என்று பதறினான் அவன்.

"அளவு ஜாக்கெட் எங்க?" என்று அதட்டினாள். அது இல்லாமல் துணி வாங்குவதில்லை என்று கடைச் சுவரில் போர்டே இருக்கிறது, எழுதியது அவள்தான்.

குமரேசன் எடுத்துக் கொடுத்தான். அளவைப் பார்த்துச் சாக்பீஸால் கோடு போட்டாள். பையிலிருந்து தன் கத்திரியை எடுத்து விரல்களை நுழைத்தாள். கழுத்து, கை, முதுகு என்று கத்திரி எங்கும் நிற்காமல் போனது.

குமரேசன் டேப்பை வைத்து இரண்டு முறை அளந்தான். ஒரு நூல் பிசகவில்லை. மேஜையை விட்டு நகர்ந்துகொண்டான்.

"கோணல் விரலை வச்சிக்கினு எப்படிம்மா?" என்றார் ஆனந்தராஜ்.

"கோணல் இல்லைங்க. எவ்ளோ மடக்கி ஒட்டணும்னு டாக்டர் கேட்டாரு." லூசியா கத்திரியை உயர்த்திக் காட்டினாள். அந்த விரல் அதன் வளையத்தில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

"அவருக்கு நான் குடுத்த அளவு ஜாக்கெட்டுங்க இது!"