நொண்டல் ஒத்திகை

"இது லாரி அடிச்ச நொண்டல் இல்ல வே. புதுச் செருப்பு கடிச்ச நொண்டல். திரும்ப நடந்து வாரும்."

சங்கரன்கோவில் நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் வக்கீல் சௌந்தரபாண்டியன் கறுப்புக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருந்தார். கட்சிக்காரர் ஆறுமுகச்சாமியோ, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவர்போல் வேட்டி தரையைத் தடவ நடந்து வந்தார்.

"சார், அந்தக் காலு வந்து..."

"கதையெல்லாம் கேஸ் கட்டுல இருக்கு வே."

அந்தக் கட்டை அவர் இன்னும் பிரிக்கவில்லை. சீனியர் மதுரைக்குப் போகும்போது விட்டுப்போனது. 'வலது கால், லாரி, நஷ்டஈடு' என்று மேலட்டையிலேயே எழுதியிருக்கும்போது உள்ளே புதிதாக என்ன இருந்துவிடப் போகிறது? கோர்ட்டுக் கூண்டில் நொண்டிய எத்தனையோ பேரை ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் முதல் வரிசையில் முண்டியடிக்கப் பார்த்தவர் அவர்.

"மத்தியானம் நெலத்து கேஸ். அதுல நொண்டப்படாது. 'கால் போச்சு, இனி உழ முடியாதுன்னுதான் எனக்கு நெலத்த வித்தாரு'ன்னு கடன் குடுத்த மகாராஜா சொல்லுதான். நீரு, 'விக்கல, வாங்கின கடனுக்கு ஈடாத்தான் எழுதிக் குடுத்தேன்'ங்கீரு. அப்போ உழுத ஆளு மாதிரி விறைப்பா நடக்கணும்லா?"

"ரெண்டுக்கும் ஒரே ஜட்ஜ் ஐயாதான சார்?"

"நடுவுல சாப்பாடு இருக்குல்லா. மறந்திருவாரு."

"நஷ்டஈடு வந்தாத்தான் கடன அடைக்க முடியும் சார். இல்லேன்னா கரிசக்காடு போயிரும். எனக்கு வேற கெதி இல்ல."

"அதுக்குத்தான வே நொண்டச் சொல்லுதேன்!"

உள்ளேயிருந்து மூன்று முறை பெயர் கூப்பிட்டார்கள். ஆறுமுகச்சாமி நொண்டியபடி கூண்டேறினார். அற்புதமான நொண்டல். சௌந்தரபாண்டியனுக்குக் கண் கலங்கியது, தன் பயிற்சியை நினைத்து.

இன்சூரன்ஸ் வக்கீல் துள்ளி எழுந்தார். மேலட்டை படிப்பதில் அவரும் கெட்டிக்காரர்.

"ஐயா, மனுவில அடிபட்டது வலது கால். இவர் நொண்டுதது இடது கால்!"

கோர்ட்டே சிரித்தது. சௌந்தரபாண்டியன் அந்தப் பிரிக்காத கட்டைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். "என்னய்யா இது? உமக்கு அடிபட்டது எந்தக் கால்?"

ஆறுமுகச்சாமி வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கினார். வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். வலது காலைக் கழற்றிக் கூண்டின் விளிம்பில் வைத்தார்.

"கரிசக்காட்ட ஈடு வச்சு வாங்கின காலு இது ஐயா. வக்கீலய்யா எவ்வளவோ சொல்லிக் குடுத்தும் நொண்ட மாட்டேங்கு. அதான், சொந்தக் கால வச்சு நொண்டினேன்."