ஆற்றைப் பார்த்து ஓர் இலை

“இது வேணாம். இங்கேருந்து ஆறு தெரியல,” என்றாள் லோகநாயகி.

அவள் கணவர் கனகசபேசன் கையிலிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார். மகன் தியாகேசன் ஓட்டல் வாசலில் மாட்டியிருந்த கரும்பலகையை இன்னொரு முறை படித்தான். வாழைக்காய் வறுவல், வடை, பால் பாயசம். உள்ளேயிருந்து நெய் வாசனை வந்துகொண்டிருந்தது.

“சாப்பிடறதுக்கு எதுக்கும்மா ஆறு? சோறு இருந்தா போதாதா?”

“இன்னிக்கு உன் நட்சத்திரம். எங்க சாப்பிடணும்னு நான்தான் சொல்லுவேன்.”

காலையில் மெட்ராஸ் வண்டியில் வந்த மூவரும் நேரே சிதம்பரம் போயிருக்கலாம். வீடு அங்கேதான். லோகநாயகிதான் பிடிவாதமாகத் திருப்பாதிரிப்புலியூரில் இறங்க வைத்தாள். பிறந்தநாள் சாப்பாடு கெடிலக் கரையில்தான், சாயங்கால வண்டிக்கு ஊர் போனால் போதும் என்றாள். ஸ்டேஷனுக்கு எதிரே இருந்த ஓட்டல் இருட்டு. கோயில் பக்கத்துக் காபி கிளப்பில் ஜன்னலே இல்லை. இது கடைவீதியிலேயே பேர் பெற்ற இடம். இதையும் தள்ளிவிட்டாள்.

“அப்பா, நீங்களாவது சொல்லுங்களேன். எனக்குப் பசிக்குது.”

“நான் சொல்லி எப்படா கேட்டிருக்கா? நட,” என்றார் கனகசபேசன். வெயிலில் இவ்வளவு தூரம் நடந்தும் அவர் குரலில் எரிச்சலே இல்லாதது தியாகேசனுக்கு வியப்பாக இருந்தது.

பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி, படித்துறையை ஒட்டி ஒரு கூரைக்கடை இருந்தது. வாசலில் மாடுகளை அவிழ்த்துவிட்ட வண்டிகள். பின்பக்கத் தட்டியைத் தூக்கிக் கட்டியிருந்ததால் உள்ளே நுழையும்போதே ஆறு கண்ணில் பட்டது. மழைக்காலம் முடிந்த புதிதில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நிறைய ஓடிக்கொண்டிருந்தது.

“இதுதான்,” என்றாள் லோகநாயகி.

கடைக்காரர் பக்கிரி துண்டால் பெஞ்சைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“பாயசம் கெடைக்குமா?”

“வண்டிக்காரங்க சாப்பிடற கடைம்மா இது. சோறு, சாம்பாரு, கத்திரிக்கா கூட்டு, அவ்வளவுதான். ரேஷன் சர்க்கரை காபிக்கே பத்தல.”

“வெல்லம் இருக்கா?”

“இருக்கு.”

“அடுப்பு எங்க இருக்கு, காட்டுங்க.”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சற்று நேரத்தில், பக்கிரியை அவருடைய அடுப்படியிலேயே வைத்து அவள் அதட்டுவது கேட்டது. விறகு ஈரமாம். பருப்பு மலரவே இல்லையாம். ஒரு ஏலக்காய்கூட வைத்துக்கொள்ளாமல் என்ன கடை நடத்துகிறார்களாம்.

கனகசபேசன் பெஞ்சில் சாய்ந்து, கண்ணை மூடி, பாட்டுக் கச்சேரி கேட்பது போல அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாயசம் இறங்கியதும் பக்கிரி பெஞ்சுக்கு முன்னால் இலை போட்டார். லோகநாயகி அந்த இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கினாள். படித்துறையின் மேல்படியில் தண்ணீர் தெளித்து, இலையை விரித்தாள்.

பக்கிரி பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

“அம்மா, அந்தப் படி வேணாம். கருமாதி பண்றவங்க உக்கார்ற எடம் அது. பொறந்தநாள் சோத்தை அங்க போடலாமா? உள்ளயே உக்காருங்க, அங்கயும் காத்து ஜாஸ்தியாத்தான் வரும்.”

“என்ன எடம்னு எனக்குத் தெரியும். நீங்க சோத்தை எடுத்தாங்க,” என்றவள் மகனைக் கூப்பிட்டாள். “தியாகு, இப்படி வா. ஆத்தைப் பாத்து உக்காரு.”

பசி பொறுக்காத தியாகேசன் மறுபேச்சுப் பேசாமல் உட்கார்ந்தான். குனிந்த தலை நிமிராமல் வேகவேகமாகச் சாப்பிட்டான்.

“மெதுவா சாப்பிடு. யாரும் புடுங்கிக்க மாட்டாங்க,” என்று சொல்லி, அவன் கேட்காமலே இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். அவன் போதும் என்று கையால் மறித்தபோது விரலிடுக்கிலும் ஊற்றினாள். இருவரும் சிரித்துவிட்டார்கள்.

அப்போது ஒரு காக்கை இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்தது. லோகநாயகி சட்டென்று எழுந்து முந்தானையை வீசினாள்.

“போ. இது உனக்கில்ல.”

அது பறந்து இன்னொரு பக்கம் உட்கார்ந்தது. கல்லை எடுத்து எறிந்தாள்.

மேலே கனகசபேசன் அருகில் நின்றிருந்த பக்கிரிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

“என்னங்கையா இது? நல்ல நாளும் அதுவுமா காக்காய்க்கு ஒரு பிடி வைப்பாங்க. அவுங்க கல்லால அடிக்கறாங்களே.”

மகன் காதில் விழாதபடி கனகசபேசன் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அவன்கிட்ட நாங்க இன்னும் சொல்லலீங்க. சண்டைல ரங்கூன்ல குண்டு விழுந்து இவன் போயிட்டான்னு சேதி வந்தப்ப, இந்தப் படியிலதான் நான் இவன் பேருக்குப் பிண்டம் வச்சேன். அன்னிக்குக் காக்காயைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுக்குத் தொண்டையே கட்டிப்போச்சு.”

பக்கிரி தோளிலிருந்த துண்டை உருவிக்கொண்டு, காக்கையை விரட்டப் படியில் இறங்கினார்.