ராட்சசன் மேல் அப்பிய மண்

விண்வெளிப் படங்களைக் கிண்டல் பண்ணி ஒரு களிமண் பொம்மைப் படம் எடுத்தார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு டப்பா களிமண். அதனால் கதையில் ராட்சசன் யாரை விழுங்கினாலும், அந்தப் பொம்மையைப் பிசைந்து அவன் மேலேயே அப்பி, பச்சை பூசிவிடுவார்கள்.

கேப்டன் பொம்மைக்கு அதில் வருத்தமே இல்லை. விண்கப்பலின் மெக்கானிக் பொம்மை ராட்சசன் வாய்க்குள் போனபோது சிரித்தார். கப்பலின் சமையல்காரன் கரண்டியும் கையுமாகப் போனபோது விழுந்து விழுந்து சிரித்தார். கதாநாயகனை யார் தொடப் போகிறார்கள்?

கடைசிக் காட்சியில் ராட்சசன் கூரையை முட்டிக்கொண்டு நின்றான். கேப்டன் துப்பாக்கியைத் தூக்கினார்.

"அண்ணே, சுடாதீங்க," என்றது ராட்சசனுக்குள்ளிருந்து சமையல்காரனின் குரல். "மெக்கானிக்கும் இங்கேதான் இருக்கான்."

"உங்களைத் தின்னவனைச் சும்மா விடச் சொல்றியா?"

"யாரும் யாரையும் திங்கலண்ணே. ஒவ்வொருத்தரா பிசைஞ்சு அப்பினாங்க. நீங்க பார்த்துக்கிட்டுதானே நின்னீங்க."

கேப்டன் பார்த்துக்கொண்டுதான் நின்றார். இருந்தாலும் சுட்டார். கதை அப்படி.

படம் நன்றாக ஓடியது. அடுத்த படத்துக்கு இன்னும் பெரிய ராட்சசன் வேண்டும் என்றார்கள். டப்பாவில் மண் இல்லை. ஒரு கை வந்து கேப்டனை இடுப்போடு பிடித்துத் தூக்கியது. வாய் நசுங்கும்வரை, "நான் கேப்டன், நான் கேப்டன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

உள்ளே ஒரே இருட்டு. யாரோ நகர்ந்து இடம் விட்டார்கள்.

"வாங்கண்ணே," என்றான் சமையல்காரன். "கொஞ்சம் நெருக்கித்தான் உட்காரணும்."